பெனால்டி கிக்: கோலாவதும் வீணாவதும் எதனால்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கால்பந்து உலகக் கோப்பையோ, ஐரோப்பிய நாடுகள் மோதும் யூரோ கோப்பையோ நடக்கும் காலத்தில், ஒரு ஷூட்அவுட் (சமனான ஆட்டத்தில் வெற்றியாளரைத் தீர்மானிக்க இரு அணியும் மாறி மாறி பெனால்டி அடிப்பது) முடிந்த மறுநாள் எல்லோரும் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். அவற்றைத் தொகுத்து எனக்குத் தெரிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன். "பெனால்டி என்றாலே லாட்டரிதான்" என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. அதிர்ஷ்டத்துக்கு ஒரு பங்கு உண்டு. ஆனால் அடிப்பவரும், தடுப்பவரும், அவர்களைத் தயார்செய்யும் பயிற்சியாளரும் தீர்மானிக்கிற பங்கு அதைவிடப் பெரிது.

நூறு பெனால்டி அடித்தால் எத்தனை கோலாகும்?

ஐரோப்பாவின் பெரிய லீக்குகளில் 75 முதல் 80 வரை. ஒரு ஷாட் கோலாகும் வாய்ப்பை 0 முதல் 1 வரை அளக்கும் எக்ஸ்ஜி கணக்குப் போடுகிறவர்கள் ஒரு பெனால்டிக்கு 0.76 முதல் 0.79 வரை மதிப்பு வைப்பது இதனால்தான். ஆட்டத்தின் ஓட்டத்தில் வரும் சராசரி ஷாட்டுக்கு 0.1 அளவில்தான் மதிப்பு கிடைக்கும்.

உலகக் கோப்பை ஷூட்அவுட்டுகளை மட்டும் பார்த்தால் இந்த எண்ணிக்கை 70 பக்கம் இறங்கிவிடுகிறது. தூரமும் கோலும் பந்தும் மாறவில்லை, அடிப்பவர்களோ உலகின் சிறந்த ஆட்டக்காரர்கள். கூடுதல் நேரமும் சேர்த்து 120 நிமிடம் ஓடிய களைப்பு ஒரு காரணம். மீதிக் காரணம் என்ன என்பதைத்தான் கீழே பல பதில்களில் பார்க்கப்போகிறோம்.

கோல்கீப்பர் ஏன் பந்து அடிபடுவதற்கு முன்பே பாய்கிறார்? பார்த்துவிட்டுப் பாயலாமே?

நேரம் போதாது. கோலின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். பெனால்டி புள்ளியிலிருந்து கோல் கோடு வரை 11 மீட்டர். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் அடித்தால் பந்து அந்தத் தூரத்தை 0.4 விநாடியில் கடந்துவிடும். பந்து எந்தப் பக்கம் கிளம்பியது என்று கண் பார்த்து, மூளை முடிவெடுத்து, நடுவிலிருந்து கம்பத்தோரம் வரை உடம்பு போய்ச்சேர அதைவிடக் கூடுதல் நேரம் ஆகும். எனவே மூலைக்குப் போகும் பந்தைத் தொட நினைக்கும் கீப்பர், கால் பந்தில் படும் கணத்திலோ அதற்குச் சற்று முன்போ கிளம்பியாக வேண்டும். அதாவது ஊகித்தே ஆக வேண்டும்.

இந்தத் தண்டனை முறையை யோசித்தவரே ஒரு கோல்கீப்பர்தான். அயர்லாந்தின் மில்ஃபோர்டு ஊரைச் சேர்ந்த வில்லியம் மெக்ரம் 1890-இல் முன்வைத்த யோசனை, 1891-இல் விதியானது.

2019-இலிருந்து, பந்து அடிபடும் கணத்தில் கீப்பரின் ஒரு காலாவது கோல் கோட்டின் மேலோ அதற்கு நேராகவோ இருந்தால் போதும் என்று விதி தளர்ந்தது. கேட்கச் சின்ன மாற்றம்தான். ஆனால் கீப்பர் இப்போது ஒரு காலைக் கோட்டில் விட்டு, மறுகாலை முன்னே வைத்து எழும்ப முடிகிறது. கோட்டை விட்டு முன்கூட்டியே வந்தால் காணொளி பார்த்து நடுவருக்கு உதவும் வி.ஏ.ஆர். பிடித்துவிடும் என்பதால், பின்காலைக் கோட்டில் ஒட்டவைத்துப் பாயவே தனியாகப் பயிற்சி செய்கிறார்கள்.

எங்கே அடித்தால் கோல் நிச்சயம்?

மேல் மூலை. உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது கிராஸ்பாரை (கோலின் மேல் கம்பத்தை) ஒட்டிய பகுதிக்குள் சரியாகப் போன பந்தைக் கீப்பரால் தடுக்க முடிவதே இல்லை என்று சொல்லிவிடலாம். இஸ்ரேலைச் சேர்ந்த மைக்கேல் பார்-எலி குழுவினர் 286 பெனால்டிகளை அலசியபோது, அந்த மேல்பகுதிக்குள் போனவற்றில் ஒன்றுகூடத் தடுக்கப்படவில்லை.

அப்படியானால் எல்லோரும் ஏன் அங்கேயே அடிப்பதில்லை? தவறினால் பந்து கோலுக்கு மேலே பறந்துவிடும். 2022 உலகக் கோப்பைக் காலிறுதியில் பிரான்சுக்கு எதிராக இங்கிலாந்தின் ஹாரி கேன் அடித்த இரண்டாவது பெனால்டியும், 1994 இறுதிப்போட்டியில் இத்தாலியின் ராபர்ட்டோ பாஜ்ஜியோவின் பெனால்டியும் அப்படிப் பறந்தவைதான். தரையோடு மூலைக்கு அடித்தால் கீப்பருக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது, ஆனால் பந்து வெளியே போகும் ஆபத்து குறைவு. பெரும்பாலான தொழில்முறை ஆட்டக்காரர்கள் இந்தப் பேரத்தில் தரையைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். தன் காலின் துல்லியம் எவ்வளவு என்று தெரிந்தவர் செய்யும் நியாயமான தேர்வு அது.

மோசமான இடம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், நடுவுக்கும் கம்பத்துக்கும் இடையில், இடுப்பளவு உயரத்தில் போகும் பந்து. கீப்பர் சரியான பக்கம் பாய்ந்துவிட்டால் பந்து அவர் கையைத் தேடிப் போய்விடும்.

நேராக நடுவில் அடிப்பது முட்டாள்தனமா?

இல்லை. அதே 286 பெனால்டி ஆய்வில் கீப்பர்கள் நடுவிலேயே நின்றது 6.3 சதவீதம்தான். மற்ற நேரமெல்லாம் இடமோ வலமோ பாய்ந்துவிட்டார்கள். ஆனால் பந்தில் 28.7 சதவீதம் நடுப்பகுதிக்குத்தான் வந்தது. நின்ற இடத்திலேயே நின்ற கீப்பர்கள் மூன்றில் ஒன்றைத் தடுத்தார்கள். பாய்ந்தவர்கள் தடுத்தது ஏழு அல்லது எட்டில் ஒன்றுதான்.

பிறகு ஏன் நிற்பதில்லை? நின்று கோல் விட்டால் "சும்மா மரம் மாதிரி நின்றான்" என்பார்கள். பாய்ந்து கோல் விட்டால் "முயற்சி செய்தான்" என்பார்கள். ஊர் வாய்க்குப் பயந்து எடுக்கும் முடிவு அது என்பதே அந்த ஆய்வாளர்களின் விளக்கம். எனக்கும் அது சரியாகவே படுகிறது. ஆனால் எல்லாக் கீப்பர்களும் நிற்கத் தொடங்கினால் அடிப்பவர்களும் நடுவை விட்டுவிடுவார்கள், அப்போது இந்தக் கணக்கு மாறிவிடும்.

நடுவில் அடிப்பதில் இரண்டு வகை. ஒன்று, ஓங்கி அடிப்பது. 2022 இறுதிப்போட்டி ஷூட்அவுட்டில் அர்ஜென்டினாவின் பவுலோ டிபாலா நடுவில் அடித்தார், பிரான்ஸ் கீப்பர் ஹ்யூகோ லோரிஸ் பக்கவாட்டில் பாய்ந்துவிட்டார். மற்றொன்று, பந்தை மெல்லத் தூக்கி விடுவது. 1976 யூரோ இறுதிப்போட்டியில் மேற்கு ஜெர்மனியின் செப் மேயருக்கு எதிராகச் செக்கோஸ்லோவாக்கியாவின் அன்டோனின் பனென்கா அப்படித்தான் கோப்பையை வென்று கொடுத்தார். அந்த அடிக்கு இன்றும் அவர் பெயர்தான். 2022-இல் ஸ்பெயினுக்கு எதிராக மொராக்கோவின் அஷ்ரஃப் ஹக்கீமி கடைசி பெனால்டியை அதே பாணியில் போட்டார். கீப்பர் நின்றுவிட்டால் பனென்கா அசிங்கமாகிவிடும் என்பது உண்மை. ஆனால் கோலாகாத பெனால்டி எப்படி அடித்தாலும் ஒன்றுதான். அவமானத்துக்கு அஞ்சி நடுவைத் தவிர்ப்பதும், அவமானத்துக்கு அஞ்சிக் கீப்பர் பாய்வதும் ஒரே பயத்தின் இரண்டு பக்கம்.

வலது கால்காரர் எந்தப் பக்கம் அதிகம் அடிப்பார்?

தன் இடப்பக்கம். கால் உடம்பின் குறுக்கே வீசிப் போவதால் அதுதான் அவருக்கு இயல்பான பக்கம். இடது கால்காரருக்கு இது அப்படியே திரும்பும். இக்னாசியோ பலாசியோஸ்-உவேர்ட்டா என்ற பொருளியல் அறிஞர் 1990-களின் பிற்பகுதியில் ஐரோப்பிய லீக்குகளில் அடிக்கப்பட்ட 1,400-க்கும் மேற்பட்ட பெனால்டிகளைச் சேகரித்து, 2003-இல் முடிவுகளை வெளியிட்டார். கீப்பர் எதிர்ப்பக்கம் பாய்ந்தால் 93 முதல் 95 சதவீதம் கோல். கீப்பரும் அதே பக்கம் வந்துவிட்டால், இயல்பான பக்கத்தில் 70 சதவீதம், மறுபக்கத்தில் 58 சதவீதம்.

இந்தக் கணக்கை வைத்து ஆட்டக் கோட்பாடு (எதிராளியின் முடிவையும் கணக்கில் எடுத்து முடிவெடுப்பதை ஆராயும் கணிதம்) சொல்கிற சிறந்த கலவை, சுமார் 61 சதவீதம் இயல்பான பக்கம், 39 சதவீதம் மறுபக்கம். ஆட்டக்காரர்கள் உண்மையில் அடித்ததோ 60, 40! கணக்குப் புத்தகம் திறக்காமலே களத்தில் அந்த விகிதத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். அடுத்த பெனால்டி எந்தப் பக்கம் என்பதையும் முந்தைய பெனால்டியை வைத்து ஊகிக்க முடியாதபடி கலைத்திருந்தார்கள். லாட்டரி என்கிறவர்களுக்கு நான் காட்ட விரும்பும் சான்று இதுதான்.

கீப்பரைப் பார்த்து அடிப்பதா, முன்பே முடிவு செய்துகொண்டு அடிப்பதா?

இரண்டு வழியிலும் வெற்றி பெற்றவர்கள் இருக்கிறார்கள். முன்பே இடத்தை முடிவு செய்து, கீப்பரைக் கண்டுகொள்ளாமல் பலமாக அடிப்பது பழைய வழி. கீப்பர் சரியாக ஊகித்தாலும் தொட முடியாத அளவு வேகமும் துல்லியமும் அதற்கு வேண்டும்.

மற்ற வழியில், ஓட்டத்தை மெதுவாக்கி, கீப்பர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்று பார்த்து எதிர்ப்பக்கம் தட்டிவிடுவார்கள். இத்தாலியின் ஜோர்ஜின்யோ பந்தை உதைப்பதற்குச் சற்று முன் சின்னதாக ஒரு துள்ளல் போடுவது இதற்காகவே. போலந்தின் லெவண்டோவ்ஸ்கி ஓட்டத்தை நடுவில் நிறுத்தி நிறுத்தி வருவதும் அதற்குத்தான். இங்கிலாந்தின் ஐவன் டோனி 2024 யூரோ காலிறுதியில் சுவிட்சர்லாந்துக்கு எதிராகப் பந்தைப் பார்க்காமலே, கண்ணைக் கீப்பர் மீதே வைத்துக்கொண்டு அடித்துக் கோலாக்கினார்.

இந்த இரண்டாவது வழியில் ஒரு பலவீனம் உண்டு. அசையாமல் பொறுமையாக நிற்கிற கீப்பர் எதிரே வந்தால், அடிப்பவருக்குக் கடைசி நொடியில் முடிவே கிடைக்காது. கால் தயங்கும், பந்து வேகமில்லாமல் போகும். 2021-இல் நடந்த யூரோ இறுதிப்போட்டி ஷூட்அவுட்டில் ஜோர்ஜின்யோவின் பெனால்டியை இங்கிலாந்து கீப்பர் ஜோர்டன் பிக்ஃபோர்டு தடுத்துவிட்டார்.

ஓட்டத்துக்கு நடுவில் ஏமாற்றலாம். ஓடி முடித்தபின், காலை வீசும் இடத்தில் பொய்யாக நிறுத்துவது 2010-இலிருந்து கூடாது.

அழுத்தம் உண்மையிலேயே இவ்வளவு பாதிக்குமா?

பாதிக்கும். இந்த விஷயத்தில் அதிகம் உழைத்தவர் நார்வேயின் கெயிர் யோர்டெட். பெரிய போட்டிகளின் ஷூட்அவுட் காணொளிகளைச் சட்டகம் சட்டகமாகப் பார்த்தவர். அவர் கண்டுபிடித்தவற்றில் மிகக் கூர்மையானது இது: "இதை அடித்தால் வென்றுவிட்டோம்" என்ற நிலையில் அடிக்கப்பட்ட பெனால்டிகளில் 92 சதவீதம் கோல். "இதைத் தவறவிட்டால் தோற்றுவிட்டோம்" என்ற நிலையில் அது 60-ஐ ஒட்டி விழுந்துவிடுகிறது. திறமை அதேதான், தலைக்குள் ஓடும் வாக்கியம்தான் வேறு.

புகழின் சுமையும் சேர்ந்துகொள்கிறது. அவருடைய மற்றோர் ஆய்வில், உலகின் சிறந்த ஆட்டக்காரர் போன்ற பெரிய விருதை ஏற்கெனவே வாங்கியவர்கள், பின்னாளில் வாங்கப்போகிறவர்களைவிட ஷூட்அவுட்டில் குறைவாகவே கோலடித்திருந்தார்கள். பாஜ்ஜியோ 1994-இல் களமிறங்கியது 1993-க்கான பாலோன் தோர் விருதோடு. 1986 உலகக் கோப்பைக் காலிறுதியில் பிரேசிலுக்கு எதிராகப் பந்தை மேலே அடித்த பிரான்சின் மிஷேல் பிளாட்டினி, முந்தைய மூன்று ஆண்டுகளும் அந்த விருதை வாங்கியவர். அதே ஆட்டத்தில் பிரேசிலின் ஜீக்கோ ஆட்ட நேரத்திலும், சோக்ரட்டீஸ் ஷூட்அவுட்டிலும் தவறவிட்டார்கள்.

பதற்றம் கண்ணை முதலில் கெடுக்கிறது. இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனையில், பதற்றத்தில் இருந்தவர்கள் கீப்பரையே அதிக நேரம் பார்த்தார்கள், பந்தும் கீப்பருக்குப் பக்கத்திலேயே போனது. எதைப் பார்த்துப் பயப்படுகிறோமோ அதன் பக்கமே கால் போகிறது. கீப்பர்கள் கையை விரித்து ஆட்டுவது, கோட்டில் அங்குமிங்கும் துள்ளுவது எல்லாம் இந்தப் பார்வையைப் பிடித்து வைக்கத்தான்.

நடையையும் மறக்கக் கூடாது. ஷூட்அவுட்டில் எல்லோரும் நடுவட்டத்தில் நிற்பார்கள். தன் முறை வந்ததும் ஒருவர் மட்டும் கிளம்பி, ஏறக்குறைய 40 மீட்டர் தனியாக நடக்க வேண்டும். ஆட்டத்தின் நடுவில் கிடைக்கும் பெனால்டியில் இந்த நடை இல்லை.

விசில் அடித்ததும் உடனே அடிப்பது நல்லதா, கொஞ்சம் பொறுப்பதா?

பொறுப்பது. யோர்டெட் குழுவின் அளவீட்டில், விசில் ஒலித்த கணமே ஓடத் தொடங்கியவர்கள், ஒரு விநாடியாவது நின்று மூச்சு விட்டவர்களைவிட அதிகம் தவறவிட்டார்கள். சீக்கிரம் முடித்துவிட்டுப் போய்விட வேண்டும் என்ற தவிப்புதான் அந்த அவசரம். நீண்ட காலம் இதில் மோசமாக இருந்தவர்கள் இங்கிலாந்து ஆட்டக்காரர்கள். 1990 முதல் 2012 வரை பெரிய போட்டிகளில் அவர்கள் தோற்ற ஷூட்அவுட்டுகள் ஆறு.

அதற்காகச் சிலை போல் நின்றுகொண்டிருப்பதும் சரியில்லை. நடுவர் தாமதப்படுத்தி நிற்க வைத்தால் அது அடிப்பவருக்குப் பாதகமே. எப்போது கிளம்புவது என்ற முடிவு தன் கையில் இருக்கிறதா என்பதே முக்கியம். ரொனால்டோ விசிலுக்குப் பிறகு ஆழமாக மூச்சிழுத்து விடுவதைப் பார்த்திருப்பீர்கள். அது நாடகம் இல்லை, அந்தச் சில விநாடிகளைத் தனதாக்கிக்கொள்ளும் வழக்கம்.

லேமன் காலுறையில் வைத்திருந்த துண்டுச் சீட்டு உண்மைக் கதையா?

உண்மை. 2006 ஜூன் 30, பெர்லின், உலகக் கோப்பைக் காலிறுதி, ஜெர்மனியும் அர்ஜென்டினாவும். ஆட்டம் 1-1. ஜெர்மனியின் கோல்கீப்பிங் பயிற்சியாளர் ஆண்ட்ரியாஸ் கோப்கே, ஓட்டல் பெயர் அச்சிட்ட தாளில் ஏழு அர்ஜென்டினா ஆட்டக்காரர்களின் பெயரையும் அவர்கள் அடிக்கும் பக்கத்தையும் பென்சிலால் எழுதி, யென்ஸ் லேமனிடம் கொடுத்திருந்தார். ஒவ்வொரு அடிக்கும் முன் லேமன் அதை எடுத்துப் பார்த்தார்.

ஆனால் அந்த ஏழு பேரில் உண்மையில் அடிக்க வந்தவர்கள் ஆயாலாவும் மாக்சி ரோட்ரிகஸும் மட்டுமே. ரிக்கெல்மேயும் கிரெஸ்போவும் ஏற்கெனவே வெளியேறிவிட்டார்கள், மெஸ்ஸி இறங்கவே இல்லை. ஆயாலாவின் பெனால்டியைச் சீட்டில் இருந்தபடியே பாய்ந்து லேமன் தடுத்தார். கடைசியாக வந்த எஸ்தேபான் காம்பியாசோவின் பெயர் அந்தத் தாளில் இல்லவே இல்லை. லேமன் அப்போதும் சீட்டை எடுத்தார், நிதானமாகப் பார்த்தார், மடித்து மறுபடி காலுறைக்குள் வைத்தார். காம்பியாசோ அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அந்தப் பந்தையும் லேமன் தடுத்தார். ஜெர்மனி 4-2. பின்னர் அந்தத் தாள் அறப்பணிக்காக ஏலத்தில் 10 லட்சம் யூரோவுக்குப் போனது.

தகவல் ஒரு பலன். "இவனுக்கு என்னைப் பற்றித் தெரிந்திருக்கிறது" என்று எதிரியை எண்ண வைப்பது இன்னொரு பலன். எனக்கு இரண்டாவதுதான் வியப்பாக இருக்கிறது.

இப்போது சீட்டுக்குப் பதில் தண்ணீர் பாட்டில். 2024 யூரோவில் பிக்ஃபோர்டின் பாட்டிலில் சுவிஸ் ஆட்டக்காரர்களின் பெயரும் பாய வேண்டிய பக்கமும் ஒட்டியிருந்தன. மானுவல் அகாஞ்சிக்கு இடப்பக்கம் என்றிருந்தது. பிக்ஃபோர்டு இடப்பக்கம் பாய்ந்தார், தடுத்தார்.

கீப்பர்களின் சேட்டைகள் பலன் தருமா? அது நியாயமா?

பலன் தரும். 1984 ஐரோப்பியக் கோப்பை இறுதிப்போட்டியில், ரோமா அணியின் சொந்த மைதானத்திலேயே, லிவர்பூல் கீப்பர் புரூஸ் குரோபெலார் கால்கள் துவள்வது போல ஆட்டிக் காட்டினார். அன்று கோன்ட்டி, கிராட்சியானி இருவருமே பந்தைக் கோலுக்கு மேலே அனுப்பினார்கள்.

2022 உலகக் கோப்பை இறுதிப்போட்டியில் அர்ஜென்டினா கீப்பர் எமிலியானோ மார்ட்டினெஸ் இதன் எல்லைக்கே போனார். பிரான்சின் கிங்ஸ்லி கோமானின் பெனால்டியைத் தடுத்தபின், அடுத்து வந்த ஓரெலியன் சுவாமேனி பந்தை எடுக்கும் முன் அதைத் தூரமாக வீசிவிட்டார். சுவாமேனி நடந்து போய் எடுத்துவர வேண்டியதாயிற்று. அடித்த பந்து கம்பத்துக்கு வெளியே போனது. அதன்பின் 2023-24 பருவத்திலிருந்து விதி கடுமையானது: ஆட்டத்தைத் தாமதப்படுத்துவது, கம்பத்தையோ கிராஸ்பாரையோ வலையையோ தொட்டு ஆட்டுவது போன்றவற்றால் அடிப்பவரின் கவனத்தை நியாயமற்ற வகையில் கலைக்கக் கூடாது. இந்த விதி வந்தது நல்லது என்றே நினைக்கிறேன். கோட்டில் நின்று ஆடட்டும், கையை விரிக்கட்டும். பந்தைத் தூக்கி எறிவது ஆட்டத்தின் பகுதி ஆகாது.

சத்தமில்லாத உத்தி ஒன்றும் இருக்கிறது. கீப்பர் நட்டநடுவில் நிற்காமல் 6 முதல் 10 சென்டிமீட்டர் ஒரு பக்கம் தள்ளி நின்றால், அடிப்பவர் அதை உணராமலேயே அகலமான பக்கத்தை அதிகம் தேர்ந்தெடுக்கிறார் என்று ஹாங்காங்கில் நடந்த ஆய்வு 2007-இல் காட்டியது. கீப்பருக்கு எந்தப் பக்கம் பாய வேண்டும் என்று தெரிந்துவிடுகிறது.

சேட்டையே இல்லாமல் நின்று ஜெயித்தவர்களும் உண்டு. 2022 மார்ச்சில் கோவாவில் நடந்த ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) இறுதிப்போட்டியில், ஹைதராபாத் கீப்பர் லட்சுமிகாந்த் கட்டிமணி கேரளா பிளாஸ்டர்ஸின் மூன்று பெனால்டிகளைத் தடுத்தார். ஷூட்அவுட்டில் ஹைதராபாத் 3-1. கேரளா ரசிகர்களின் கூட்டம்தான் அன்று அரங்கை நிறைத்திருந்தது. 2024 யூரோவில் போர்ச்சுகலின் தியோகோ கோஸ்டா ஸ்லோவேனியாவின் மூன்று பெனால்டிகளையும் வரிசையாகத் தடுத்தார்.

ஷூட்அவுட்டில் முதலில் அடிக்கும் அணிக்கு லாபமா?

இதில் ஒருமித்த முடிவு இல்லை. 2010-இல் வெளியான ஆய்வு ஒன்று 129 ஷூட்அவுட்டுகளில் முதலில் அடித்த அணி 60 சதவீதம் வென்றதாகச் சொன்னது. இரண்டாவது அணி எப்போதும் துரத்திக்கொண்டே இருப்பதால் அழுத்தம் கூடுதல் என்பது அதன் விளக்கம். பின்னர் 540 ஷூட்அவுட்டுகளை எடுத்த வேறொரு குழு, அது 53 சதவீதம்தான், தற்செயலாகவும் இருக்கலாம் என்றது. நடுவில் 2017-இல் வரிசையை மாற்றி மாற்றி அடிக்கும் முறையைச் சோதித்துப் பார்த்தார்கள். ஆர்சனல் செல்சியை வென்ற அவ்வாண்டு கம்யூனிட்டி ஷீல்டு அப்படித்தான் முடிந்தது. பார்ப்பவர்களுக்குக் குழப்பம் என்று 2018-இல் அதைக் கைவிட்டார்கள்.

நாணயச் சுண்டலில் வென்றால் முதலில் அடியுங்கள். நஷ்டம் ஒன்றும் இல்லை.

பெனால்டிக்காகவே கடைசி நிமிடத்தில் மாற்று ஆட்டக்காரரை இறக்குவது சரியா?

கீப்பர் என்றால் வேலை செய்யும். 2014 உலகக் கோப்பைக் காலிறுதியில் கோஸ்டா ரிக்காவுக்கு எதிராக, கூடுதல் நேரம் முடியும் தறுவாயில், நெதர்லாந்து பயிற்சியாளர் லூயி வான் கால் தன் முதல் கீப்பரை எடுத்துவிட்டு டிம் குரூலை இறக்கினார். குரூல் இரண்டைத் தடுத்தார், நெதர்லாந்து வென்றது. 2022 ஜூனில் பெருவுக்கு எதிராக ஆஸ்திரேலியாவும் அப்படித்தான் ஆண்ட்ரூ ரெட்மெய்னை இறக்கி உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது.

அடிப்பவர் விஷயத்தில் எனக்குத் தயக்கம் உண்டு. 2021 யூரோ இறுதிப்போட்டியில் இங்கிலாந்தின் ராஷ்ஃபோர்டும் சாஞ்சோவும் கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடத்தில் இறங்கினார்கள். ராஷ்ஃபோர்டின் பந்து கம்பத்தில் பட்டது, சாஞ்சோவின் பந்தை இத்தாலி கீப்பர் டொன்னாரும்மா தடுத்தார். இருவரும் நல்ல பெனால்டிக்காரர்கள். ஆனால் பந்தை ஓரிரு முறைகூடச் சரியாகத் தொடாத காலோடு, அந்த ஆட்டத்தின் சூடு ஏறாத உடம்போடு அந்தப் புள்ளிக்குப் போவது கடினம்.

அந்த அழுத்தத்தைப் பயிற்சியில் கொண்டுவர முடியாதே, பிறகு பயிற்சி எதற்கு?

பல பயிற்சியாளர்கள் பல ஆண்டுகள் இதைச் சொல்லித்தான் தப்பித்தார்கள். 2018-க்கு முன் இங்கிலாந்து பயிற்சியாளர் கேரத் சவுத்கேட் அப்படிச் சொல்லவில்லை. 1996-இல் ஜெர்மனிக்கு எதிராகத் தவறவிட்டவர் அவர், அதன் வலி தெரியும். யார் அடிப்பது, எந்த வரிசை, விசிலுக்குப் பின் எவ்வளவு பொறுப்பது என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே பேசி, பழகி வைத்தார்கள். 2018-இல் கொலம்பியாவை வென்றது உலகக் கோப்பையில் இங்கிலாந்தின் முதல் ஷூட்அவுட் வெற்றி. 2021-இல் தோற்றார்கள். 2024-இல் சுவிட்சர்லாந்துக்கு எதிராக ஐந்தில் ஐந்தும் கோல்.

வெறும் எண்ணிக்கை போதாது என்பதும் உண்மை. 2022-க்கு முன் ஸ்பெயின் பயிற்சியாளர் லூயிஸ் என்ரிக்கே ஒவ்வொருவரும் ஆயிரம் பெனால்டி அடித்துவிட்டு வாருங்கள் என்று சொல்லியிருந்தார். மொராக்கோவுக்கு எதிராக அவர்கள் ஒன்றுகூட அடிக்கவில்லை. ஒன்று கம்பத்தில், இரண்டு மொராக்கோ கீப்பர் யாசின் பூனோ கையில். காலைப் பழக்குவது ஒரு பாதி. நடுவட்டத்திலிருந்து நடந்து வருவதிலிருந்து மூச்சு விடுவது வரை மொத்தச் சடங்கையும் பழக்குவது மறுபாதி.

நன்றாகத் தெரிந்த கீப்பருக்கு எதிராக அடிப்பது எளிதா, கடினமா?

கடினம் என்றே சொல்வேன். கேனும் லோரிசும் டாட்டன்ஹாமில் பல ஆண்டுகள் சேர்ந்து பயிற்சி செய்தவர்கள். 2022-இல் கேன் முதல் பெனால்டியை அடித்துவிட்டார். இரண்டாவதுக்கு வரும்போது "இவன் நான் என்ன நினைப்பேன் என்று நினைப்பான்" என்ற சுழல் தொடங்கிவிடும். ஆனால் ஒரே ஆட்டத்தில் ஒரே கீப்பருக்கு எதிராக மூன்று பெனால்டியையும் கோலாக்கியவரும் இருக்கிறார்: 2024 பிப்ரவரியில் ஜோர்டானுக்கு எதிரான ஆசியக் கோப்பை இறுதிப்போட்டியில் கத்தாரின் அக்ரம் அஃபிஃப்.

பெண்கள் கால்பந்தில் இது மாறுமா?

கோலின் அளவும் தூரமும் அதேதான், காரணங்களும் அவையே. அடி வேகம் குறைவு என்று நினைப்பவர்கள் 2023 உலகக் கோப்பையில் நைஜீரியாவுக்கு எதிராக இங்கிலாந்தின் க்ளோயி கெல்லி அடித்ததைப் பார்க்க வேண்டும், மணிக்கு 110 கி.மீ.-க்கு மேல்.

அடிப்பவர் வழுக்கி, பந்து இரண்டு முறை காலில் பட்டால்?

முன்பு கோல் செல்லாது, அவ்வளவுதான். 2025 மார்ச்சில் ரியல் மாட்ரிட்டுக்கு எதிரான ஷூட்அவுட்டில் அட்லெட்டிகோவின் ஹூலியான் ஆல்வாரெஸுக்கு இப்படி ஆனது பெரிய சர்ச்சையாயிற்று. அதன்பின், தற்செயலாக இரண்டு முறை பட்டுக் கோலானால் மறுபடி அடிக்க வேண்டும் என்று தெளிவுபடுத்தினார்கள். சரியான முடிவு.

தவறவிட்டவரைக் குறை சொல்வது நியாயமா?

அடியைக் குறை சொல்லலாம், ஆளை வேண்டாம். 2021-இல் ராஷ்ஃபோர்டு, சாஞ்சோ, சாகா மூவர் மீதும் கொட்டப்பட்ட இனவெறி வசை கால்பந்துக்கே தலைகுனிவு. புகாயோ சாகாவுக்கு அன்று வயது 19. தேசிய அணியின் ஐந்தாவது பெனால்டியை அவர் தலையில் வைத்தது ஒரு பயிற்சிக் குழுவின் முடிவு, அது தன் முடிவுதான் என்று சவுத்கேட்டும் வெளிப்படையாகச் சொன்னார். 2010 உலகக் கோப்பைக் காலிறுதியில் கானாவின் அசமோவா ஜியான் கூடுதல் நேரத்தின் கடைசியில் கிடைத்த பெனால்டியைக் கிராஸ்பாரில் அடித்தார். அது கோலாகியிருந்தால் ஆப்பிரிக்காவிலிருந்து ஓர் அணி முதன்முறையாக அரையிறுதிக்குப் போயிருக்கும். சில நிமிடம் கழித்து ஷூட்அவுட்டில் தன் அணிக்காக முதல் ஆளாக வந்து கோலடித்தார். அணி தோற்றது, பழி மட்டும் அவர் பெயரில் நின்றுவிட்டது. அந்த நடையை இரண்டாவது முறை நடந்த தைரியத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு.

அடுத்த முறை டிவியில் பார்க்கும்போது எதைக் கவனிக்கலாம்?

பந்தை விட்டுவிடுங்கள். முதலில், அடிப்பவர் பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நடக்கும்போது கீப்பருக்கு முதுகைக் காட்டுகிறாரா என்று பாருங்கள். அவசரத்தில் இருப்பவர்கள் அப்படித் திரும்பிக்கொள்வதுண்டு. அப்புறம் விசிலுக்கும் அவர் ஓடத் தொடங்குவதற்கும் இடையில் மனதுக்குள் எண்ணுங்கள். கடைசியாக, பந்துக்குப் பக்கத்தில் ஊன்றும் காலைப் பாருங்கள். வலது காலால் அடிப்பவருக்கு அது இடது கால். அதன் நுனி எந்தப் பக்கம் காட்டுகிறதோ, பெரும்பாலும் பந்து அந்தப் பக்கம்தான் போகும். கீப்பர்கள் நம்பும் அடையாளமும் அதுவே. ஆனால் அந்தக் கால் தரையில் ஊன்றியதற்கும் பந்து அடிபடுவதற்கும் நடுவே இருப்பது கால் விநாடிக்கும் குறைவான நேரம். மெதுவோட்ட மறுகாட்சியில்தான் நமக்கு அது பிடிபடும்.